நான்கு பேர் உட்கார்ந்த பிறகு இறுக்கவும்

2019 ஜூன் 12, புதன்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். மூன்று இட்லி, ஒரு டம்ளர் காபி. மீஞ்சூர் ஸ்டேஷனுக்கு 6.20க்கு வர வேண்டிய வண்டி 6.31க்கு வந்தது. கவரைப்பேட்டையில் நான்கு நிமிடம் நின்றது, காரணம் சொல்லப்படவில்லை. கும்மிடிப்பூண்டியில் இறங்கி, கம்பெனி பஸ் ஏறி, 7.22க்கு கார்டு தேய்த்தேன். 7.30 முதல் 9.10 வரை வழக்கமான வேலை: இரவு ஷிப்டில் வந்த ரப்பர் புஷ்களில் நூற்றுக்கு ஐந்து எடுத்து உள் விட்டம், வெளி விட்டம், ரப்பரின் கடினம் பார்த்தேன். எல்லாம் சரி. 9.15க்கு கருணாகரன் சார் கூப்பிடுவதாகச் செய்தி வந்தது.

இது வரை டைரியில் உள்ளபடி. நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. போன மாதம் கம்பெனியிலிருந்து, இப்போது என் மேசையில் இருப்பவர் போன் செய்தார். "சார், வேலைக் குறிப்பு நாற்பத்தேழுல ஒரு வரி இருக்கு. 'முதலாளியின் பழைய காரில் புஷ் போல்ட்டை இறுக்கும்போது காருக்குள் நான்கு பேர் உட்கார்ந்திருக்க வேண்டும். பின் சீட்டின் காலடியில் வார்ப்பு அச்சும் கோப்புகளும் இருக்க வேண்டும்.' குவாலிட்டி ஆடிட்டர் ஏன்னு கேக்குறார். இங்க யாருக்கும் தெரியல. எடுத்துடலாமா?"

எடுக்க வேண்டாம், எழுதித் தருகிறேன் என்றேன். எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஐ.டி.ஐ.யில் பிட்டர். முதல் வருடம் முழுக்க ஓர் இரும்புத் துண்டை அரத்தால் ராவிச் சதுரமாக்கினேன். இரண்டாம் வருடம் மற்றவர்களின் துண்டு சதுரமாக இல்லை என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டேன். அதனால் வேலைக்குச் சேர்ந்ததும் இன்ஸ்பெக்ஷனில் போட்டார்கள். அங்கேயே ஓய்வு பெற்றேன்.

எங்கள் கம்பெனி வண்டிகளுக்கான ரப்பர் புஷ் செய்கிறது. தெரியாதவர்களுக்காக: ஓர் இரும்புக் குழாய், அதற்குள் சின்னதாக இன்னொரு குழாய், இரண்டுக்கும் நடுவில் ஒட்டிய ரப்பர். அதுதான் புஷ். காரின் சக்கரத்தைத் தாங்கும் கை மேலும் கீழும் ஆடும்போது, நடுவில் உள்ள ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்பும். இரும்போடு இரும்பு உரசாது, சத்தம் வராது. முதலாளியின் அப்பா ஒரு தகர ஷெட்டில் முதன்முதலாகச் செய்த புஷ், அவரே வைத்திருந்த ஒரு கறுப்புக் காருக்கானது. அந்தப் புஷ்ஷை வார்த்த இரும்பு அச்சு, ரிசப்ஷனில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு மாலை போடுவோம். காரும் இருக்கிறது. 2019இல் அது கீச்சிட ஆரம்பித்தது.

வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் ஜூன் 14 வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. அவர்களைக் கேட்டிலிருந்து புது ஷெட் வரை அந்தக் காரில் ஏற்றிப் போய், "இந்தக் காரில் இருப்பது எங்கள் முதல் புஷ்" என்று சொல்ல முதலாளிக்கு ஆசை. புஷ் செய்யும் கம்பெனியின் முதலாளி, புஷ் கத்தும் காரில் விருந்தாளிகளை ஏற்ற முடியாது. ஆகவே மே மாதம் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து அச்சை எடுத்தார்கள். ரப்பரை அச்சில் அழுத்தி வேகவைக்கும் ஆறாம் நம்பர் பிரஸ்ஸில், அதன் ஆபரேட்டர் ரோசி எட்டு புஷ் வார்த்துக் கொடுத்தாள். நான்கை முன்சக்கரக் கைகளில் மாட்டினோம். மீதி நான்கை ஒரு கவரில் போட்டு, சீல் வைத்து, என் பீரோவில் வைத்தேன். எந்தப் பொருளிலும் நான்கு மாதிரி எடுத்து வைப்பது எங்கள் வழக்கம். அதை ஒருவரும் திரும்பப் பார்ப்பதில்லை என்பதும் வழக்கம்.

மே 22 அன்று மாட்டினோம். 27ஆம் தேதி கத்தியது. 29ஆம் தேதி ஒரு கமிட்டி கூடி, கிரீஸ் வைப்பதென்று முடிவு செய்தது. கமிட்டி உட்கார்ந்த அறையின் சுவரில், 'ரப்பர் அருகே எண்ணெய், கிரீஸ் வைக்காதே' என்று சிவப்பு எழுத்தில் எங்கள் போர்டே இருக்கிறது. அதன் கீழேதான் தீர்மானம் நிறைவேறியது. கிரீஸ் பட்ட ரப்பர் ஊறிப் பருத்தது. ஐந்து நாள் சத்தம் இல்லை. ஆறாம் நாள், முன்பு கிளி மாதிரி கத்திய கார் மயில் மாதிரி கத்தியது.

இதுதான் ஜூன் 12 காலை 9.15 வரையான நிலவரம்.

கருணாகரன் சார் எங்கள் தர நிர்வாகத் துறையின் தலைவர். பதினாறு வருடம் அவரிடம் வேலை செய்தேன். ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. 'முடியாது' என்று சொன்னதும் இல்லை. அவருடைய பதில்கள் எல்லாம் பேனா மூடியில் இருந்தன. மூடி மேசையில் கிடந்தால் நாம் பேசலாம். பேனாவின் பின்பக்கம் செருகியிருந்தால் அவர் எழுதப் போகிறார். நிப்பின் மேல் போய் 'டக்' என்றால் விஷயம் முடிந்தது. நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு வந்துவிட வேண்டும். யார் எதைச் சொன்னாலும் அவருக்கு ஒரே கேள்வி: "எவிடன்ஸ் இருக்கா?" கேன்டீனில் பாம்பு என்று ஓடி வந்தவரிடமும் அதையே கேட்டார். வந்தவர் திரும்பிப் போய்ப் பாம்பை அடித்துக் கொண்டு வந்து காட்டினார். "நோட்டட்" என்றார் சார்.

அன்று மூடி பேனாவின் பின்பக்கம் இருந்தது. மேசையில் 'ஐந்து ஏன்' பாரம். ஒரு பிழை நடந்தால் ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டு அடிக்காரணத்தைப் பிடிக்கும் முறை அது. சார் ஏற்கனவே நிரப்பியிருந்தார்.

கார் ஏன் கத்துகிறது? புஷ் கிழிந்ததால். ஏன் கிழிந்தது? ரப்பர் பலவீனமானது. ஏன் பலவீனம்? சரியாக வேகவில்லை. ஏன் வேகவில்லை? நேரத்துக்கு முன் பிரஸ்ஸைத் திறந்ததால். ஏன் திறந்தார்? கவனக்குறைவு. ஆபரேட்டர் எண் 906.

906 என்றால் ரோசி. பல வருடமாக அந்த ஐந்தாவது ஏனைக் கவனித்து வந்திருக்கிறேன். அது எப்போதும், மீட்டிங்கில் நாற்காலி இல்லாத ஓர் ஆளிடம் போய் நிற்கும்.

"உங்க கையெழுத்து மட்டும் பாக்கி, சேகர்," என்றார். "இன்னிக்குள்ள க்ளோஸ் பண்ணணும். பர்மனென்ட் லிஸ்ட் நாளைக்கு எட்டரைக்குப் போகுது."

அந்த லிஸ்ட் என்னவென்று ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். காண்டிராக்டில் இருந்து நிரந்தரம் ஆகப் போகிறவர்களின் பெயர்கள். ஒன்பது வருடக் காத்திருப்புக்குப் பிறகு ரோசியின் பெயர் அந்த வருடம்தான் ஏறியிருந்தது. பெயரில் ஒரு பிழை அறிக்கை இருந்தால் லிஸ்டில் இடம் இல்லை. அடுத்த லிஸ்ட் எப்போது என்று கேட்டால் சார் மூடியைப் போடுவார்.

மத்தியானம் வரை நேரம் கேட்டேன். "எதுக்கு?" என்றார். "எவிடன்ஸுக்கு," என்றேன். அந்தச் சொல்லுக்கு அவரால் மறுப்புச் சொல்ல முடியாது.

9.40க்கு ஆறாம் நம்பர் பிரஸ். ரோசி கையுறையோடு அச்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கவரைப்பேட்டைக்காரி. காலையில் என் வண்டியிலேயே பெண்கள் பெட்டியில் வருபவள்.

"இன்னாண்ணே, மூஞ்சி தொங்கிப் போச்சு? என் பேர எய்திட்டாங்களா?"

"உனக்கு யார் சொன்னது?"

"கார் கத்துனா பிரஸ்ஸுக்காரி, கரண்ட் போனா பிரஸ்ஸுக்காரி. இத ஒருத்தர் வந்து சொல்லணுமா?" அச்சைக் கீழே வைத்தாள். "முன்னாடியே தொறந்துட்டேன்னு தானே எய்திக்கிறாரு? நீ தொற பாக்கலாம். டைமர் அடிக்காம இந்தப் பிரஸ்ஸு தொறக்காதுண்ணே. நான் அதுல தொங்கினாலும் தொறக்காது."

இதைப் போய் சாரிடம் சொன்னேன். "அது ஆறாவது ஏன், சேகர்," என்றார். "பாரத்துல அஞ்சுதான் இருக்கு."

பத்தே காலுக்குப் பராமரிப்பு ஷெட்டில் காரை ஜாக்கி போட்டுத் தூக்கி, நான்கு புஷ்களையும் கழற்றினோம். கூட இருந்தவர் முதலாளியின் டிரைவர் தனபால். அந்தக் காரை இருபது வருடமாக ஓட்டுகிறவர். புஷ்களைத் துடைத்து வரிசையாக வைத்தேன். கிரீஸில் பருத்திருந்ததை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், நான்கிலும் உள் குழாயை ஒட்டி ஒரு கிழிசல். வேகாத ரப்பர் அங்கங்கே பிய்யும். இது அப்படி இல்லை. வலது பக்கத்து இரண்டும் ஒரு திசையில், இடது பக்கத்து இரண்டும் அதற்கு நேர் எதிர்த் திசையில், ஈரத் துணியைப் பிழிந்த மாதிரி முறுக்கிக் கிழிந்திருந்தன.

"இதான் நான் அன்னிக்கே சொன்னேன்," என்றார் தனபால், பீடியைப் பற்ற வைக்காமல் வாயில் வைத்துக்கொண்டு.

"என்ன சொன்னீங்க?"

"ஆங், இப்ப கேளு. காதுல வாங்குனா தானே? வண்டிய மேல தூக்கி வெச்சிக்கினு டைட் பண்ணாத, சக்கரம் தொங்கினு கெடக்குது, கீழ எறக்கி வெச்சி டைட் பண்ணுன்னேன். நீ இன்னா பண்ண? நோட்டுல எய்தின."

எனக்கு நினைவில்லை. ஆனால் எனக்கு நினைவு இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. பையிலிருந்து டைரியை எடுத்து மே 22ஐத் திறந்தேன்.

'11.40. கார் ஜாக்கி ஸ்டாண்டின் மேல். முன்சக்கரங்கள் தொங்கும் நிலை. 11.50. டிரைவர் தனபால் வண்டியை இறக்கிவிட்டு இறுக்கச் சொல்கிறார். வேலைக் குறிப்பில் அப்படி இல்லை. பதிவு செய்யத் தேவையில்லை. 11.55. நான்கு போல்ட்டும் அளவுச் சாவியால் (அளவு காட்டும் ஸ்பானர்) இறுக்கப்பட்டன. மஞ்சள் அடையாளம் இடப்பட்டது. இறுக்கியவர், சரிபார்த்தவர்: நான்.'

பதிவு செய்யத் தேவையில்லை என்பதைப் பதிவு செய்திருக்கிறேன். என் கையெழுத்து எப்போதும் போல அழகாக இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். சக்கரம் தொங்கும்போது கை கீழே இறங்கியிருக்கும். அந்த நிலையில் போல்ட்டை முறுக்கினால், புஷ்ஷின் உள் குழாய் அங்கேயே பிடித்துக்கொள்ளும். பிறகு காரைத் தரையில் இறக்கினால் கை மேலே ஏறும், ரப்பர் முறுக்கிக்கொள்ளும். கார் சும்மா நிற்கும்போதே முறுக்கிய நிலை. ஓடும்போது இன்னும் முறுக்கிக் கிழியும். கிழிந்த ரப்பர் இரும்பில் உரசிக் கத்தும். சரியான முறை, போல்ட்டைத் தளர்வாக மாட்டி, வண்டியை இறக்கி, ஆள் ஏறும் பாரத்தையும் ஏற்றி, அந்த நிலையில் இறுக்குவது. தெருவோர மெக்கானிக் எவருக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியாததற்குக் காரணம், நாங்கள் புஷ்ஷைச் சோதனை மேடையில் மட்டுமே மாட்டிப் பார்த்தவர்கள். அந்த மேடைக்குச் சக்கரம் இல்லை. இத்தனை வருடம் புஷ் செய்த கம்பெனியில் ஒரு புஷ்ஷைக் காரில் மாட்டியவர் ஒருவரும் இல்லை. நான்தான் முதல் ஆள்.

12.10க்கு சாரிடம் டைரியைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். மூடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இது உங்க சொந்த டைரி. கம்பெனி நம்பர் போட்ட கன்ட்ரோல்டு டாக்குமென்ட் இல்ல," என்றார்.

"சரி சார். பீரோவில் அதே எட்டில் மீதி நான்கு புஷ் இருக்கு. அதே பிரஸ், அதே நாள், அதே ஆபரேட்டர். அதை மாட்டி, வண்டியைத் தரையில் வைத்து இறுக்கினால் கத்தக் கூடாது. கத்தினால் நான் உங்க பாரத்தில் கையெழுத்துப் போடறேன்."

யோசித்தார். வெள்ளிக்கிழமைக்கு அவரிடம் இருந்த வேறு ஏற்பாடு ஒன்றே ஒன்றுதான்: கார் புறப்படும்போது கேட்டிலிருந்து ஷெட் வரை நாதஸ்வர ரெகார்டைச் சத்தமாகப் போடுவது. "என்ன லோடு?" என்றார்.

அங்கேதான் வேலைக் குறிப்பின் அந்த வரி பிறந்தது. முதலாளி 84 கிலோ, தனபால் 66. வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேரின் எடை தெரியாது. "தொண்ணூறு தொண்ணூறு போடுங்க," என்றார் சார். மொத்தம் 330. மணல் மூட்டை வைக்கலாம் என்றேன். மணல் மூட்டைக்கு எடைச் சான்று இல்லை. மனிதர்களுக்கு இருந்தது: வருடாந்திர மெடிக்கல் செக்கப் கார்டு, டாக்டர் கையெழுத்தோடு.

புஷ்களை மாற்றி, போல்ட்டுகளைத் தளர்வாக மாட்டி, லாரிகளுக்கு அடியில் நின்று வேலை செய்ய வெட்டிய குழியின் மேல் காரை நிறுத்தியபோது மணி 2.50. தனபால் ஸ்டியரிங்கில். முன்னால் சார், 71 கிலோ. பின்னால் ரோசி, 58. அவள் பக்கத்தில் கேன்டீன் மாஸ்டர் நாகய்யா, 104. கம்பெனியிலேயே அதிக எடைச் சான்று பெற்றவர்.

"நைனா, போண்டா மாவு கலக்கி வெச்சிட்டு வந்துக்கிறேன். எவ்ளோ நேரம்?" என்றார் நாகய்யா.

"இன்னும் முப்பத்தோரு கிலோ குறையுது," என்றேன் குழியிலிருந்து.

ரிசப்ஷன் கண்ணாடிப் பெட்டியின் அச்சைக் கொண்டு வந்தார்கள். அதன் பக்கத்தில் 28 என்று பொறித்திருக்கும். ரோசியின் காலடியில் வைத்தார்கள். இன்னும் மூன்று.

"மூணு கிலோ தானே?" என்றாள் ரோசி. "சாரோட அஞ்சு ஏன் பைலுங்கள கொண்டாந்து போடுங்க. அது கெனம் தாங்காம தான் ஒன்பது வருசமா நான் காண்டிராக்டு."

தனபால் ஸ்டியரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டார். ஹாரன் அடித்தது. சார் திரும்பவில்லை. முன்கண்ணாடியைப் பார்த்தபடியே, "கொண்டு வரச் சொல்லுங்க," என்றார். கேன்டீன் தராசில் போட்டார்கள். இரண்டு வருடக் கோப்புகளே மூன்று கிலோ வந்தன.

வண்டியை நான்கு முறை அமுக்கி ஆட்டச் சொன்னேன். நாகய்யா ஒருவரே அதைச் செய்தார். அடங்கியதும் நான்கு போல்ட்டையும் அளவுச் சாவியால் இறுக்கினேன். மஞ்சள் பெயிண்ட் வைத்த பிறகும் நான்கையும் இன்னொரு முறை சரிபார்த்தேன். தலைக்கு மேலே 330 கிலோ இருந்ததால் அல்ல. மேலே உட்கார்ந்திருந்த 58 கிலோவின் நாளைக் காலை, என் கையில் இருந்த சாவியில் இருந்தது.

3.25. அதே மூவரோடு தனபால் காரை கேட் வரை ஓட்டினார், வேகத்தடைகள் ஆறின் மேலும் ஏறி இறங்கினார். நான் பக்கத்திலேயே காதைக் கொடுத்துக்கொண்டு ஓடினேன். போகும்போது ஒரு சத்தமும் இல்லை. திரும்பும்போது நான்காவது தடையில் 'கீச்' என்றது. நான் ஓடுவதை நிறுத்தினேன்.

"அது என் சீட்டு நைனா," என்றார் நாகய்யா, கதவைப் பிடித்துக்கொண்டு அசைந்து காட்டி. 'கீச்.' சீட் ஸ்பிரிங். சார் அவரை மூன்று முறை அசையச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நோட்டட்," என்றார். இன்னும் நான்கு சுற்று போனார்கள். நாகய்யா அசையாமல் இருந்தார். கார் வாய் திறக்கவில்லை.

4.10க்குப் புதுப் பாரம். ஐந்தாவது ஏனில் என் பெயரை எழுதினேன். சார் பார்த்துவிட்டு மூடியைக் கையில் எடுத்தார்.

"இதுல பேர் எழுதக் கூடாது, சேகர். ஆபரேட்டர் எண்தான். உங்களுக்கு எண் கிடையாதே. இன்ஸ்பெக்டர் பிழை செய்யறதுக்கு பாரத்துல இடம் இல்ல." பழைய பாரத்தைக் காட்டி, "பழையபடி 906ன்னே இருக்கட்டுமே, கீழ குறிப்பா நீங்க தெரியாம இறுக்கினதை..." மூடி நிப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"எண் இருந்தா எழுதலாமா, சார்?"

மூடி நின்றது. பதினாறு வருடத்தில் அது பாதி வழியில் நின்று நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "இருந்தா எழுதலாம்," என்றார்.

டைம் ஆபீசுக்குப் போய் எனக்கு ஓர் ஆபரேட்டர் எண் வேண்டும் என்றேன். கிளார்க் என் தலை நரையைப் பார்த்தார். "புரமோஷனா சார்?" என்றார். ஆமாம் என்றேன். 1152 கிடைத்தது. 4.55க்குப் பாரத்தில் அதை எழுதினேன். சார் கையெழுத்துப் போட்டார். அவர் கெட்டவர் இல்லை. பாரம் நிரம்பியிருந்தால் அவர் யாருக்கும் தடை இல்லை. அன்று மாலையே வேலைக் குறிப்பு நாற்பத்தேழில் அந்த வரியைச் சேர்த்தார்; நாகய்யா அசையாமல் இருக்க வேண்டும் என்பதையும் சேர்ப்பதாக இருந்தார், நான்தான் தடுத்தேன்.

லிஸ்ட் மறுநாள் எட்டரைக்குப் போனது. 906 அதில் இருந்தது. வெள்ளிக்கிழமை கார் சத்தமில்லாமல் ஓடியது. விருந்தாளிகளுக்கு அது தெரியவில்லை, ஏனென்றால் நாதஸ்வர ரெகார்டை நிறுத்தச் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டோம். என் ஆபரேட்டர் எண்ணை யாரும் ரத்து செய்யவில்லை. ஓய்வு பெற்ற அன்று இரண்டு பேராக ஓய்வு பெற்றேன்.

பாரத்தின் கடைசிக் கட்டத்தில் அச்சிட்ட ஒரு வரி உண்டு: 'பிழை செய்த ஆபரேட்டருக்கு, அப்பொருள் தயாரான பிரஸ்ஸில், அந்தப் பிரஸ்ஸின் ஆபரேட்டர் மறுநாள் ஒரு மணி நேரம் மறுபயிற்சி அளிக்க வேண்டும்.'

ஜூன் 13, வியாழக்கிழமை. 7.21க்கு கார்டு. 7.30க்கு முதல் வேலையாக ஆறாம் நம்பர் பிரஸ் முன்னால் போய் நின்றேன். ரோசி பயிற்சித் தாளை அட்டையில் கிளிப் போட்டு, பேனாவோடு தயாராக இருந்தாள்.

"1152?"

"ஆமாம்."

"லேட்டா வர்லியே, பரவால்ல. ரெண்டு கைக்கும் உறை மாட்டு. அச்ச எட்டப் புடி. ரப்பர வை. வாச்ச பாக்காதண்ணே, டைமரு சொல்லும். நீ சொல்ல வாணாம்."

டைமர் அடித்தது. திறந்தேன். நான்கு புஷ், புகையோடு. என் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தன. அவள் தாளைப் பார்த்தாள். 'தேர்ச்சி', 'மீண்டும் பயிற்சி' என்று இரண்டு கட்டம். இரண்டாவதில் டிக் போட்டாள்.

"எவிடன்ஸ் இருக்கா?" என்றேன்.

பேனாவால் என் இடது கையைக் காட்டினாள். வலது கையில் கையுறை இருந்தது. இடது கையில் டைரி இருந்தது.